முன்பெஞ்சு சந்தேகம்

ஆசிரியர் வேலைக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக மாதிரி வகுப்பு எடுக்க, தலைமையாசிரியர் முன்பெஞ்சில் மாணவராக உட்கார்ந்திருந்தார்.

"டீச்சர், நிலா ஏன் தேயுது?"

பாடம் முடிவதற்குள் இதையே திரும்பத் திரும்பக் கேட்டார். தங்கப் பதக்கக்காரர் கடுகடுத்தார். முனைவர் பட்டக்காரர், "இப்பத்தானே சார் சொன்னேன்" என்று சாக்பீஸைக் கீழே வைத்தார்.

கடைசியாக வந்த பெண் மட்டும், ஒவ்வொரு தடவையும் அப்போதுதான் கேட்டது போலப் பதில் சொன்னாள். முதலில் பலகையில் படம். அடுத்து பந்தும் டார்ச்சும். "நிலா தேயறதே இல்லை. வெளிச்சம் பட்ட பக்கம் நமக்கு முழுசாத் தெரியலை, அவ்வளவுதான்."

பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த துணைத் தலைமையாசிரியைக்குப் புல்லரித்தது. பொறுமையைச் சோதிக்க இப்படியும் ஒரு வழியா? மனிதர் பழம் தின்று கொட்டை போட்டவர் ஆயிற்றே.

துணைத் தலைமையாசிரியை அந்தப் பெண்ணை வராந்தாவுக்கு அழைத்துப்போனார். "வேலை உனக்குத்தாம்மா. சாரோட பரீட்சையில நீ ஒருத்திதான் பாஸ். எரிச்சலே வரலையா?"

அவள் சிரிக்கவில்லை. "எங்கப்பாவுக்கும் இப்படித்தான் மேடம் ஆரம்பிச்சுது. சாரை டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

போன வாரம் அவர், "உங்க பேர் என்னம்மா?" என்று கேட்டதற்கு, கிண்டல் என்று தான் விழுந்து விழுந்து சிரித்தது துணைத் தலைமையாசிரியைக்கு இப்போது சுருக்கென்றது. திரும்பி ஜன்னல் வழியே பார்த்தார்.

காலி வகுப்பில், முன்பெஞ்சில், தலைமையாசிரியர் இன்னும் கையைத் தூக்கியபடி உட்கார்ந்திருந்தார்.