நான்காவது குற்றம்

முதல் குற்றம்: வலது தொடை வழியாகத்தான் இதய வால்வு போகும் என்று சொல்லிவிட்டு, இரண்டு தொடையையும் சிரைத்தது.

இரண்டாவது: புது வால்வு மாட்டுச் சவ்வில் செய்தது என்றார்கள். சரி, மாட்டுக்கு என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டதற்குச் சிரித்தது.

மூன்றாவது: தொடையில் அடை அகலத்துக்கு ரத்தம் கன்றிப் போயிருந்ததை, "இது சகஜம்" என்றது.

நான்காவதை எழுதும்போது பஞ்சாட்சரத்தின் பேனா காகிதத்தைக் கிழித்தது. என் சம்மதம் இல்லாமல் என் நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தது.

எழுதியதை எழுந்து நின்று ஒரே மூச்சில் வாசித்தார். போன வாரம் வரை மூன்று சொல்லுக்கு ஒரு தடவை மூச்சு வாங்கியவர். கோட்டூர்புரம் ஆற்றோரக் குடிசைகளுக்காக முப்பது வருஷம் மேடையேறிய குரல், ஆபரேஷன் முடிந்த நாலாம் நாள் திரும்பி வந்திருந்தது. அதைச் சும்மா வைத்திருக்க அவருக்கு மனசில்லை.

"இதுக்கு யாரு சம்மதம் குடுத்தாங்கன்னு தெரியுற வரைக்கும் மாத்திரை சாப்பிட மாட்டேன். இது மாத்திரை மறுப்புப் போராட்டம்."

பக்கத்துக் கட்டில் சண்முகசுந்தரம் போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டினார். தி. நகரில் சின்ன ஜவுளிக்கடை வைத்திருப்பவர். அடுத்த வாரம் அவருக்கும் இதே வால்வு.

"நானும் ஆதரவு தாரேன் அண்ணாச்சி. அந்த உப்பில்லாத கஞ்சியையும் சேத்துக்கிடுங்க."

"தனிக் கோரிக்கையா எழுதிக் குடுங்க."

மனைவி தேவானை மாத்திரையும் தம்ளருமாக நின்றாள். "யோவ், காலைலேர்ந்து நின்னுகினு கீறேன். இத்த முழுங்கிட்டு சண்ட போடேன்."

"நீ கம்முனு இரு. உனக்குப் போராட்டத்தப் பத்தி இன்னா தெரியும்?"

"இன்னாத்த தெரியும். முப்பது வருஷமா அதுக்கு சோறாக்கினதுதான்."

டாக்டர் ஸ்வர்ணலதா வேகமாக உள்ளே வந்தார். "சார், புது வால்வுல ரத்தம் உறையாம இருக்கத்தான் இந்த மாத்திரை. உறைஞ்ச துணுக்கு மூளைக்குப் போச்சுன்னா பேச்சே போயிடும்."

பேச்சு என்றதும் பஞ்சாட்சரம் கொஞ்சம் ஆடிப்போனார். உயிர் என்றிருந்தால் அசைந்திருக்க மாட்டார்.

"அப்ப பேஸ்மேக்கர் எதுக்கு?"

"வால்வு உக்கார்ற இடத்துக்குப் பக்கத்துலதான் இதயத்துக்கு மின்சாரம் போற பாதை. வால்வு அழுத்துனதுல அது அடைபட்டுது. பத்துல ஒருத்தருக்கு இப்படி ஆகும்னு முன்னாடியே சொன்னேனே. நீங்கதான் அப்ப எனக்கு நர்சுங்களோட டூட்டி நேரத்தப் பத்தி வகுப்பு எடுத்துக்கிட்டிருந்தீங்க."

சண்முகசுந்தரம் சிரிப்பை இருமலாக்கினார்.

"மறுநாள் துடிப்பு இருபதுக்கு இறங்கி மயங்கிட்டீங்க. உங்களக் கேக்க முடியல. கூட இருந்தவங்க கையெழுத்துப் போட்டாங்க, வெச்சோம்."

"யாரு அது?"

"பேரச் சொல்லக் கூடாதுன்னு கேட்டுக்கிட்டாங்க."

"கேட்டீங்களா அண்ணாச்சி," என்று பஞ்சாட்சரம் திரும்பினார். "கூட இருந்தது இவ ஒருத்திதான். ரேஷன் கடைலேர்ந்து பேங்க் வரைக்கும் இவளுக்குக் கைநாட்டு. அப்ப கையெழுத்து எப்பிடி வந்துச்சு?"

டாக்டர் கேஸ் ஃபைலை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"காட்டிடுங்க டாக்டரம்மா," என்றாள் தேவானை. "படிச்சாத்தான் அடங்கும்."

சம்மதப் படிவம் மடித்து வந்தது. பஞ்சாட்சரம் அதை உடனே பிரிக்கவில்லை. அதிகாரி கொடுக்கும் காகிதத்தை அவர் ஒருநாளும் தனியாகப் படித்ததில்லை. பிரித்த கையோடு சாட்சிகள் முன்னால் உரக்க வாசித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் தலைவர் விலைபோய்விட்டார் என்று ஊர் பேசும்.

"நடக்க முடிஞ்சவங்க எல்லாம் வாங்க."

ஐந்து பேர் வந்தார்கள். இரண்டு பேர் சலைன் கம்பியைக் கொடிக்கம்பம் போலப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். நான்கு நாளாகக் கூரையையே பார்த்துக் கிடந்தவர்களுக்கு அது திருவிழா.

பஞ்சாட்சரம் காகிதத்தைப் பிரித்தார். கண்ணாடி இல்லாமல் எழுத்து தெரியவில்லை. ஆனால் கையெழுத்துக்குக் கீழே அழுத்தி இழுத்த ஒரு கோடும், கோட்டுக்குக் கீழே இரண்டு பெரிய புள்ளியும் தெரிந்தன.

அவர் முகம் சிவந்தது.

"இது என் ஆளு. குடிசைங்கள்ல நூத்திப் பன்னெண்டு பேருக்குக் கையெழுத்துப் போட நான் கத்துக்குடுத்தேன். எவனாவது காலி பண்ணச் சொல்லி காயிதம் நீட்டுனா கட்டவிரல உருட்டிடக் கூடாதுன்னு. கீழ ஒரு கோடு, ரெண்டு புள்ளி. அப்புறம் எவனும் ஒரு வரி சேக்க முடியாது. மூணு வருஷம் வகுப்பு. இவகூட தெனம் எல்லாருக்கும் டீ குடுப்பா. அந்த நூத்திப் பன்னெண்டுல ஒருத்தன் எனக்கே துரோகம் பண்ணிட்டான்."

"யாருன்னு வாசிங்க அண்ணாச்சி, உங்களுக்கு முன்ன எனக்கு நெஞ்சு நின்னுரும்போல இருக்கு."

"கண்ணாடி."

தேவானை முந்தானையில் துடைத்துக் கொடுத்தாள்.

"நோயாளிக்கு இதயத் துடிப்புக் கருவி பொருத்த முழு மனதோடு சம்மதிக்கிறேன்," என்று வார்டு அதிர வாசித்தார் பஞ்சாட்சரம். "சம்மதிப்பவர் பெயர்..."

எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டாமல், எண்ணி எண்ணி வைத்தது போல இருந்தன. அவர் நிறுத்திவிட்டார்.

சலைன் கம்பிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"சத்தமா, அண்ணாச்சி," என்றார் சண்முகசுந்தரம்.

பஞ்சாட்சரம் கையை நீட்டி மாத்திரையை வாங்கினார். வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, நூற்றுப் பதிமூன்றாவது பெயரைச் சாட்சிகள் அத்தனை பேருக்கும் கேட்கும்படி வாசித்தார்.

"ப. தேவானை."