இடம் போதவில்லை

"மேட்ச் ஆரம்பிக்கப் போவுது, ஆப் ஏற மாட்டேங்குது. எடமே இல்லியாம்!" திலீப் டேப்லெட்டைப் படபடவென்று தட்டினான்.

"அம்மா எடுத்த போட்டோதாம்பா ஃபுல்லா," என்றாள் மகள் மாயா.

திறந்து பார்த்தான். வாசல் கொடியில் காயும் ஒரே வெள்ளை வேட்டி, அறுநூறு படங்களில். தினமும் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று.

"காலைல பளிச்சுனு கீது, சாயங்காலம் கலீஜா கீது. ஒங்கம்மாவுக்குத் தொவைக்கவும் தெர்ல, போட்டோ எடுக்கவும் தெர்ல!"

"ஒரு வார்த்த கேட்டுக்கப்பா. அம்மா தண்ணி லாரிக்குத்தான் போய்கீது."

"இத்தப் போய்க் கேப்பாங்களா?"

அத்தனையும் அழித்தான். டேப்லெட்டின் குப்பைத் தொட்டியையும் காலி செய்தான். ஆப் ஏறியது.

முதல் ஓவர் முடிவதற்குள் வினிதா குடத்தோடு வந்துவிட்டாள். பின்னால் தெருப் பெண்கள், கூடவே ஓர் அதிகாரி.

"கம்பெனிச் சாம்பல் தினமும் வீட்டு மேல விழுதுன்னு மனு குடுத்தீங்க. தேதியோட ஆதாரம் இருக்குன்னீங்களே, காட்டுங்கம்மா," என்றார் அவர்.

"பத்து மாசமா எடுத்து வெச்சிகீறேன் சார்." வினிதா பெருமையாக டேப்லெட்டை வாங்கினாள். மேலும் கீழும் துழாவினாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். அவன் தலை குனிந்தான்.

"கை தவறி நான்தான் அழிச்சிட்டேன் சார்," என்றாள் வினிதா.

தெருவே அவளைத் திட்டித் தீர்த்தது. திலீப் கதவோரம் ஒதுங்கிக்கொண்டான்.

எல்லோரும் போன பிறகு, வினிதா அந்த வேட்டியை அலசிக் கொடியில் போட்டாள். டேப்லெட்டை அவனிடம் நீட்டினாள்.

"இனிமே நீயே எடு. இப்பதான் எடம் நெறைய கீதே."