மடங்கும் சுக்கான்

பால்ராஜ் ஐந்தரைக்கு எழுந்தான். பல் துலக்கினான், ஒரு டம்ளர் வெந்நீர் குடித்தான், துவைத்து மடித்த சட்டையை உதறிப் போட்டுக்கொண்டான். பிறகு சுத்தியலைச் செய்தித்தாளில் சுற்றிப் பைக்குள் வைத்தான்.

மனைவி சாராள் இறந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் சர்ச்சுக்குப் போவதில்லை. முத்தாபுதுப்பேட்டையிலிருந்து டி.வி.எஸ். ஃபிஃப்டியில் அயனம்பாக்கம் ஏரிக்கரைக்கு, கஜபதியின் பட்டறைக்குப் போவான். இது ஆறாவது ஞாயிறு.

கஜபதி ஜன்னல் கிரில்லும் கேட்டும் செய்கிறவர். பால்ராஜ் வேலை செய்த கம்பெனி பால் பண்ணைகளுக்கு எவர்சில்வர் தொட்டி செய்வது. ஊழியர்கள் பொழுதுபோக்க ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கி ஏரியில் விட்டிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டவர் கஜபதி.

படகைத் திருப்பும் சுக்கான் மடங்கும் வகை. தண்ணீருக்குள் எதிலாவது இடித்தால் பலகை மேலே மடங்கிக்கொள்ளும். மற்ற நேரத்தில் அதைப் பிடித்து நிறுத்தத் துளையில் ஒரு மரக்குச்சி செருகியிருக்கும். இடித்தால் ஒடியட்டும் என்றுதான் மரம். வாரம் ஒன்று ஒடிந்தது, எல்லோருக்கும் அலுப்பு.

காணும் பொங்கலன்று பால்ராஜும் சாராளும் படகில் போனார்கள். அன்று துளையில் குச்சி இல்லை. பளபளவென்று ஒரு எவர்சில்வர் போல்ட் இருந்தது. சுக்கான் ஏரிக்குள் முங்கிக் கிடந்த கருவேல மரத்தில் இடித்தது, மடங்கவில்லை. படகு சுழன்று கவிழ்ந்தது. சாராளின் தலை அதே மரத்தில் அடிபட்டது.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், வேனில் இறந்தாள். பின்னால் அவளோடு பால்ராஜ் மட்டும் இருந்தான். இறங்கியதும் அங்கே நின்றவர்களிடம் சொன்னான்.

“கஜபதி அண்ணன் போல்ட்டு போட்டுட்டாருன்னு சொன்னா. அதான் கடைசியா சொன்னது.”

போலீஸ் விபத்து என்று எழுதி முடித்தது. ஊர் முடிக்கவில்லை. டீக்கடை பெஞ்சில் கஜபதி உட்கார்ந்தால் மற்றவர்கள் எழுந்தார்கள். சாராளைத் தங்கச்சி என்று கூப்பிட்ட அவர் மனைவி வனஜா, பிள்ளைகளோடு நூம்பலுக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

“அந்தப் புள்ள பால்ராஜ் வாயால மன்னிச்சேன்னு சொல்லட்டும். அப்பால ஊட்டுக்கு வரேன்.”

கஜபதி பால்ராஜிடம் வந்து நின்றார். “மொதல்ல சுக்கானைச் சரி பண்ணு. இனிமே யாரும் அதால சாவக் கூடாது. அப்புறம் பாக்கலாம்,” என்றான் பால்ராஜ். அண்ணே என்று கூப்பிடுவதை அவன் விட்டுவிட்டிருந்தான்.

ஐந்து ஞாயிறும் பலகையைச் சுத்தியலால் அடித்துப் பார்த்தான். ஒருமுறை தகடுகளுக்கு நடுவே இறுகிக்கொண்டது. ஒருமுறை மடங்கியது இறங்கவில்லை. “வேற பண்ணு” என்பான், போய்விடுவான்.

இன்று பட்டறை வாசலில் வனஜாவும் நின்றிருந்தாள். கஜபதி சொல்லி அனுப்பியிருந்தார்.

“குச்சியே வாணாம் நைனா,” என்றார். “சைக்கிள் டியூப்பை அறுத்து இஸ்த்துக் கட்டிக்கீறேன். இடிச்சா மடங்கும், தாண்டினா தானா எறங்கும். கடைக்காரன் கேக்கறான், இன்னா மாமே, பஞ்சரே ஆவாம டியூப்பா வாங்கறன்னு.”

யாரும் சிரிக்கவில்லை. பால்ராஜ் அடித்தான். பலகை மேலே போய், திரும்பி வந்து நின்றது. இன்னும் ஓங்கி அடித்தான். அதேதான்.

“தரையில நல்லாத்தான் இருக்கும். தண்ணில காட்டு. அந்த மரத்து மேலயே வுடு.”

“அங்க வாணாம்பா,” என்றாள் வனஜா.

“அங்கதான்.”

படகைத் தள்ளும்போது கஜபதி குரலைத் தாழ்த்தினார். “அந்தப் போல்ட்டு எங்கேந்து வந்துச்சுன்னு எனுக்கு நெனப்பே வர்ல நைனா. நான் வாங்கறது எல்லாம் கறுப்பு இரும்பு. ஆனா சாவறப்ப தங்கச்சி பொய் சொல்லுமா? நான்தான் போட்டிருப்பேன்.”

பால்ராஜ் படகை இன்னொரு தள்ளு தள்ளினான்.

மரம் கிடந்த இடத்தில் சிவப்புத் துணி கட்டிய கழி நட்டிருந்தார்கள். காற்று நன்றாக அடித்தது. கஜபதி ஏறிய படகு முழு வேகத்தில் அதை நோக்கிப் போனது. வனஜா செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் ஓரத்துக்கு வந்துவிட்டாள்.

டொக் என்று கேட்டது. பலகை எழும்பியது, ரப்பர் இழுத்தது, பலகை இறங்கியது. படகு ஆடக்கூட இல்லை. கஜபதி திருப்பிக்கொண்டு வந்து இரண்டாம் முறை இடித்தார். யாரும் கேட்காமலே மூன்றாம் முறையும்.

இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, படகைப் பிடித்துக்கொண்டு நின்றார். “இப்ப சொல்லு நைனா. ஒரே வார்த்த. வனஜா காதுல வுழட்டும்.”

பால்ராஜ் சுத்தியலைச் செய்தித்தாளில் நிதானமாகச் சுற்றினான்.

“சுக்கான் நல்லாருக்கு. இதைப் பொங்கலுக்கு முன்னாடி பண்ணியிருந்தா அவ இருந்திருப்பா. சாவறப்ப உன் பேரைச் சொல்லிட்டுப் போனா. அவ சொன்னதை நான் மாத்த முடியாது.”

வனஜா செருப்பை மாட்டிக்கொண்டாள். கஜபதியைத் திரும்பிப் பார்க்காமல் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். அவர் கூப்பிடவில்லை. தண்ணீரிலேயே நின்றார்.

அவள் கண்ணை விட்டு மறையும்வரை பால்ராஜ் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வண்டியை மிதித்துக் கிளப்பினான்.

வேனில், அவன் மடியில் தலை வைத்தபடி சாராள் உண்மையில் சொன்னது வேறு.

“போல்ட்டு போட்டது நீங்கன்னு யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், பயப்படாதீங்க.”