படுத்தபடி இழுக்க ஒரு ரீல்

1931 ஆகஸ்டு 12, புதன்.

நேற்று ஒரு சிறு தவறு செய்தேன். இடது கைக்காரர் ஒருவருக்கு வலது கைப் பிடி வைத்த தூண்டில் ரீலை விற்றுவிட்டேன். அவர் எந்தக் கையால் காசு கொடுக்கிறார் என்று பார்த்திருக்க வேண்டும். நான் காசைப் பார்த்தேன்.

இன்று காலை அவர் அதைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். எங்கள் பீச் ஸ்திரீட் இரும்புச் சாமான் கடை முதலாளி முகம்மது சுல்தான் ரீலைத் துடைத்துக்கொண்டே, குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"அய்யாக்கண்ணு, இன்னொரு ரீல் திரும்பி வந்துச்சுன்னா நீ கிடங்குக்குப் போயி ஆணி எண்ணு. ஆணிக்கு இடது வலது கிடையாது."

கிடங்கை இருட்டிய பிறகுதான் பூட்டுவார்கள். அங்கே போனால் என் மாலை வகுப்பு போய்விடும். மாலை வகுப்பு போனால் ஆபீசில் உட்கார்ந்து எழுதும் கிராணி வேலையும் போய்விடும், அது இன்னும் கிடைக்காத வேலை என்றாலும்.

மத்தியானம் இராயப்பன் என்பவர் வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், கழுத்தில் செபமாலை. ஆயர் ஈத்தாமில் ஒரு சின்ன மாதா கோவிலுக்குக் கோயில்பிள்ளை என்றார். கோவிலைத் திறப்பது, பெருக்குவது, மெழுகுவர்த்தி ஏற்றுவது எல்லாம் அவர்தான்.

"நல்ல ரீலா ஒண்ணு காட்டு தம்பி. அறுந்து போகாத நூலும் வேணும்."

முதலில் கேள், பிறகு காட்டு என்று வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். கேட்டேன்.

"எந்தக் கை அண்ணே?"

"கை ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. காலுதான் வராது. முட்டி சாக்கிட்டு, ஒரே வலி."

"அப்ப உக்காந்துக்கிட்டே பிடிப்பீங்க."

"படுத்துக்கிட்டு."

"எந்த இடத்துல?"

"வீட்டு ஜன்னல்லேர்ந்துதான்."

ஆயர் ஈத்தாம் மலையடிவாரம். அங்கே கடல் இருப்பதாக நான் படித்ததில்லை. ஆனால் பூகோளத்தில் நான் வாங்கிய மார்க்கை நினைத்து வாயை மூடிக்கொண்டேன். ஆறு ஏதாவது ஓடும்.

"பெரிசா அண்ணே?"

"ஆளு கனம் இருக்கும். முழுசா இழுக்க வேணாம். ஆட்டிவிட்டாப் போதும்."

பெரிய மீனை ஆட்டிக் களைக்க வைத்துத்தான் பிடிப்பார்கள் என்று எங்கள் கேட்டலாக்கில் இருக்கிறது. ஆக, விஷயம் தெரிந்தவர்தான்.

"தினமும் உண்டா?"

"மூணு வேளை. அதுல காலைல இருக்கே, அது பெரிய சூசாலா, ரொம்பக் கஷ்டம். குளிரு."

மர ரீல் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். இலேசானது, தொட்டாலே சுற்றும். அவர் விரலால் ஒரு தட்டு தட்டினார். அது சுற்றிக்கொண்டே இருந்தது.

"இது என் மச்சான் மாதிரி. ஊரு சுத்தும், வேல செய்யாது."

பித்தளை ரீல் பலமானது. ஆனால் பிடியைத் திருப்பியதும் கடகடவென்று சத்தம் போட்டது. அவர் சட்டென்று தோள் துண்டை அதன்மேல் போட்டு மூடினார்.

"ஆகாது தம்பி. கோவில் சாமியாருக்குக் கேட்டா தொலஞ்சேன். வேலை நேரம்லா."

வேலை நேரத்தில் மீன் பிடிக்கிறவருக்கு நாம் துணைபோகலாமா என்று யோசித்தேன். கிடங்கு ஞாபகம் வந்தது. போகலாம் என்று முடிவு செய்தேன்.

மூன்றாவது, கறுப்பு ரீல். பெரியது, மெதுவாகச் சுற்றும், ஆனால் குட்டிச் சுறாவையே இழுத்துவிடும். ஓரத்திலுள்ள சின்ன முள்ளைத் தள்ளினால் சத்தமும் வராது.

"இதுக்குக் கம்பு தனியா எடுக்கணும் அண்ணே."

"கம்பு வேணாம். கட்டில் கால்ல கட்டிக்குவேன்."

சோதித்துப் பார்க்காமல் விற்கக்கூடாது என்று நூல் நுனியை ஓர் ஆணிப் பீப்பாயில் கட்டினேன். இராயப்பன் வாடிக்கையாளர் பெஞ்சில் மல்லாந்து படுத்து, கண்ணை மூடிக்கொண்டு பிடியைச் சுற்றினார். பீப்பாய் அசைந்தது. விட்டார், நின்றது. அப்படி மூன்று தடவை செய்துவிட்டு ஏதோ செபம் முணுமுணுத்தார். பிறகு மறுபடியும் மூன்று தடவை.

முதலாளி எட்டிப் பார்த்தார்.

"யாரு இது, கடையில படுத்துக்கிட்டு?"

"சோதனை முதலாளி."

"எழுந்திரிச்சதும் காசு வாங்கிடு."

இராயப்பன் எழுந்து உட்கார்ந்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"அருமையா இருக்கு. ஆனா எனக்குப் பொருத்தத் தெரியாது தம்பி. சரியா வரலன்னா நாளைக்கே கொண்டாந்துடுவேன்."

முதலாளி இருமினார். அவருக்கு இருமல் கிடையாது.

"கொண்டாராதீங்க அண்ணே," என்றேன். "நானே வந்து பொருத்தித் தர்றேன்."

"நெசமாவா? அப்ப சாமியார் முழிக்கிறதுக்குள்ள வந்துடு. உசரத்துல ஏறுவியா?"

"மீன் பிடிக்க உசரம் எதுக்கு?"

"மீனா?" என்றார் இராயப்பன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு முதலாளி பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, குனிந்து என் காதோடு சொன்னார். இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். இன்னொரு முறையும் அதையேதான் சொன்னார். காசை எண்ணி வைத்துவிட்டு, ரீலைத் துண்டில் சுற்றிக்கொண்டு நொண்டி நொண்டிப் போனார்.

நாளைய வேலை: விடியுமுன் ஆயர் ஈத்தாம் போய், கோபுரத்தில் ஏறி, கோவில் மணியின் நாக்கில் தூண்டில் நூலைக் கட்ட வேண்டும்.