பவளத்தின் சம்மதம்

வீடு மாறும்போது மீன்தொட்டியில் வளரும் பவளத்திடமும் சம்மதம் வாங்க வேண்டும் என்பது சட்டம். மெர்லின், அமல்ராஜ் தம்பதியின் வீட்டு வாசலில் லாரி நின்றது. அதிகாரி தொட்டியில் பேசும் கருவியைப் பொருத்தி, "புது வீட்டுக்கு வர்றீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டார்.

"அந்தம்மாகூடன்னா வர்றேன். அவர் வேண்டாம்," என்றது பவளம்.

மெர்லினுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தினமும் விடியுமுன் எழுந்து அதற்குத் தீனி போடுபவர் அவள் கணவர் அமல்ராஜ்தான்.

"ஏன், அவர் என்ன பண்ணார்?"

"மக கல்யாணமாகிப் போனதுலேருந்து தினமும் தொட்டிமேல குனிஞ்சு அழறார். தண்ணியில உப்பு கூடுது. எனக்கு மூச்சு முட்டுது."

அமல்ராஜ் அட்டைப்பெட்டியின் கயிற்றை இறுக்குவதுபோல் திரும்பிக்கொண்டார். மெர்லினிடம் ஒரு நாளும் அவர் அதைக் காட்டியதில்லை. அவள் கண்ணாடியருகே குனிந்தாள்.

"இனிமே எங்கிட்ட அழுவார். நீ கிளம்பு."