விலகல் பத்திரம்

பத்திரத்தை நாலாகக் கிழித்து மச்சினன் அன்பரசுவின் மேசைமேல் விட்டெறிந்தான் பச்சமுத்து. ஒரு துண்டு, எதிரே உட்கார்ந்திருந்த கல்லூரி மேலாளர் ஜெயப்பிரகாஷின் காப்பியில் போய் விழுந்தது.

"ஆடிட்டர் ஆபீஸ் ஆளு காலையில வீட்டு வாசல்ல வந்து நின்னுகிட்டு, 'தொழில்லேர்ந்து வெலகிக்கிறேன்னு கையெழுத்துப் போடுங்க சார்'ங்கறான். உங்க அக்கா பக்கத்துல நிக்கறா. அவ மூஞ்சில நான் எப்பிட்றா முழிப்பேன்?"

"மாமா, மொதல்ல உக்காருங்க. சார் போனப்புறம் பேசிக்கலாம்."

"ஏன், உன் லட்சணம் சாருக்கும்தான் தெரியட்டுமே!"

கடலூரிலிருந்து சிதம்பரம் வரைக்கும் பைக்கை விரட்டிக்கொண்டு வந்த வேகம் பச்சமுத்துவுக்கு இன்னும் அடங்கவில்லை. வந்து இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது புதுச் சமையல்கூடத்தின் போர்டு. இத்தனை வருஷமாக 'பச்சமுத்து - அன்பரசு கேட்டரிங்' என்றிருந்த பெயர், 'அன்பரசு கேட்டரிங்' என்று மொட்டையாக நின்றது. வயிறு பற்றி எரிந்தது அவனுக்கு.

எரியாதா பின்னே? விசைப்படகில் அவனுக்கிருந்த பங்கை விற்றுத்தான் முதல் அடுப்பையே வாங்கினார்கள். பண்ருட்டி காதுகுத்திலிருந்து மேல்பட்டாம்பாக்கம் மஞ்சள் நீராட்டு வரை, பிரியாணி அண்டாவைத் தூக்கித் தூக்கி இடுப்பு ஒடிந்தது அவனுக்குத்தான். இப்போது ஒரு தனியார் கல்லூரி விடுதிக்கு மூன்று வேளையும் சமைத்துப்போடும் ஒப்பந்தம் வருகிறது. இந்த நேரம் பார்த்து மாமன் வேண்டாமாம்.

"கறிவேப்பிலையாடா நானு? கொழம்பு கொதிச்சதும் எடுத்து வெளிய போட்டுடுவியா?"

"ஒங்க பங்கு எப்பவும் போல வீட்டுக்கு வந்துடும் மாமா. பேரு மட்டும்தான்..."

"வாய் வார்த்தையிலயா? போன வாரம் போன் பண்ணி, 'செம்மண்டலம் வீடு இன்னும் ஒங்க பேர்லதான் இருக்கா மாமா, அக்கா பேருக்கு மாத்திடலாமா'ன்னு நைசா கேட்ட பாரு, அப்பவே எனக்கு ஒறைச்சிருக்கணும். வாடகை வீட்ல இருக்குற ஒனக்கு எம் வீட்டு மேல என்னடா கண்ணு?"

அன்பரசு மேலாளரைப் பார்த்தான். மாமனைப் பார்த்தான். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டான். பேச வாயில்லாமல்தான் கம்மென்று இருக்கிறான் என்று பச்சமுத்துவுக்கு இன்னும் ஆத்திரம் ஏறியது.

ஜெயப்பிரகாஷ் காப்பியை ஓரமாக நகர்த்தினார். "பார்ட்னர் விலகிட்டாருன்னு அன்பரசு சொன்னாரே. நீங்க இன்னும் விலகலையா சார்?"

"உயிரே போனாலும் வெலக மாட்டேன். நானும் பார்ட்னர்தான். எங்க போடணும்னு காட்டுங்க, நானும் கையெழுத்துப் போடறேன்."

"வேணாம் மாமா!" அன்பரசு பதறி எழுந்து ஒப்பந்தத்தின் மேல் கையை வைத்தான். "ஒங்க கால்ல வேணா விழறேன். இன்னிக்கி ஒரு நாளு நான் சொல்றதக் கேளுங்க."

"கைய எட்றா மச்சான்!"

பச்சமுத்து போட்ட சத்தத்தில், உள்ளே வெங்காயம் அரிந்துகொண்டிருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். அத்தனை பேர் பார்வைக்கும் கூசி அன்பரசு கையை எடுத்துவிட்டான்.

"போடட்டும் அன்பரசு. ரெண்டு பேரும் போட்டா எங்க நிர்வாகத்துக்கும் திருப்தியா இருக்கும்" என்றார் ஜெயப்பிரகாஷ். "சார், எதுக்கும் ஒரு தடவ படிச்சிடுங்களேன்."

"எந் தொழிலுக்கு நான் கையெழுத்துப் போடறேன். இதுல படிக்கிறதுக்கு என்ன சார் இருக்கு?"

பேனாவை வெடுக்கென்று வாங்கினான். ஒவ்வொரு பக்கமாகத் தள்ளித் தள்ளி, அன்பரசுவின் கையெழுத்துக்குக் கீழேயே தன் கையெழுத்தை அழுத்திப் போட்டான். ஜெயப்பிரகாஷ் இருவருக்கும் கைகொடுத்துவிட்டு, ஒப்பந்தத்தைப் பையில் வைத்துக்கொண்டு காரில் ஏறிப் போனார்.

"இப்ப என்னடா பண்ணுவ?" பச்சமுத்து வேட்டியை மடித்துக் கட்டினான். "போர்டு எழுதுறவனக் கூப்புடு. எம் பேரு மொதல்ல வரணும்."

தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்த அன்பரசுவின் கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"அந்த ஆள வச்சிக்கிட்டு நான் எப்பிடி மாமா சொல்லுவேன்? சாப்பாட்டால எந்தப் புள்ளைக்கு என்னா ஆனாலும் நஷ்ட ஈடு மொத்தமும் நம்ம தலையிலதான்னு அதுல எழுதியிருக்கு. தொழில்ல இருக்குற பணம் பத்தலன்னா பார்ட்னருங்களோட சொந்த சொத்த ஜப்தி பண்ணிக்கலாமாம். பிரைவேட் லிமிடெட்டா மாத்திட்டா அந்த பயம் இல்லன்னு ஆடிட்டர் சொன்னாரு. அதுக்கு டைம் குடுங்கன்னு கேட்டேன், காலேஜுல முடியாதுன்னுட்டாங்க. மாத்தினதும் ஒங்கள மறுபடி சேத்துக்கலாம்னுதான் இருந்தேன்."

பச்சமுத்துவுக்குக் கோபம் அப்போதும் இறங்கவில்லை. "ஜப்தின்னா எனக்கு மட்டுமா? ஒனக்கும்தான? நீ மட்டும் எந்த தைரியத்துலடா கையெழுத்துப் போட்ட?"

அன்பரசு நிமிர்ந்து அவனைப் பார்த்தான்.

"எம் பேர்லதான் வீடே இல்லியே மாமா."