அழுகை கேட்காத போன்

அமரர் ஊர்தி ஆபீஸுக்கு இன்டர்நெட் போன் வாங்குவதற்காக முதலாளி துரைப்பாண்டி மூன்று மாடல்களை மேசையில் பரப்பினார். இரண்டை ஒதுக்கிவிட்டு, மூன்றாவதைத் தடவிக் கொடுத்தார்.

"இதுல அழுகையே கேக்காது மங்கை. அவங்க பேசுறதும் சரி, நீ பேசுறதும் சரி, தேனாத்தான் வரும். நாள் பூரா ஒப்பாரி கேட்டா ஆபீஸ் விளங்குமா?"

இழவு வீட்டுக்காரன் அழுவதுகூட இந்த மனுஷனுக்குத் தொந்தரவு! மங்கை மனசுக்குள் திட்டினாள். ஆனாலும் போனை எடுத்துப் பேசுவதுதானே அவள் வேலை?

மறுநாள் காலை புது போனில் முதல் அழைப்பு. பட்டுப்புடவை விளம்பரம் மாதிரி ஒரு பெண் குரல் குழைந்தது. "சின்ன வண்டி போதுங்க. என் பையனுக்குத்தான். ஆறு வயசு."

மங்கை பேனாவை எடுத்தாள். விம்மி விம்மி அழுதுகொண்டே விலாசத்தைக் கேட்டு எழுதினாள். "மனச தேத்திக்கம்மா, வண்டி இப்பவே கிளம்புது" என்றாள்.

எதிர்முனையில் அதே தேன்குரல், சிரிக்கிற மாதிரியே கேட்டது:

"பிள்ளை செத்துக் கிடக்கான்னு சொல்றேன், இப்படிக் குழையுறியே. நீயெல்லாம் ஒரு பொம்பளையா?"